ஒரு சாக்கு வேண்டும்!

மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள் என்று ஒரு பழமொழி. யாரோ கணக்குப்பிள்ளை எழுதியிருப்பார் போலிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 90. தமிழ்நாட்டில் 2009-இல் திருமணப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது, கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள் தெரியுமா? அதே 90! அதை விட்டால் மேற்கொண்டு ஒரு 60 நாள், கட்டணம் கொஞ்சம் கூட. சட்டத்தை எழுதியவருக்குப் பழமொழி தெரிந்திருக்க வேண்டும். மோகமும் ஆசையும் மிச்சம் இருக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடு, 91-ஆம் நாள் போனால் பயல் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

சரி, அந்த 91-ஆம் நாள் என்ன ஆகும்? பழமொழி அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் குடித்தனம் ஆரம்பம் என்பது என் கட்சி. குடித்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சீர் லிஸ்ட் போடுகிறார்கள். கட்டில், பீரோ, குக்கர், மிக்ஸி, குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ் வரை எழுதுகிறார்கள். முக்கியமான ஒரு சாமானை மட்டும் எந்தச் சம்பந்தியும் எழுதினதில்லை.

அதன் பெயர் சாக்கு.

ரேஷன் அரிசி போட்டுக் கட்டுவோமே, அந்தச் சாக்கு இல்லை. (அதுவும் வரும், பொறுங்கள்.) "ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிட்டாங்க" என்கிறோமே, அது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிக்கு சேர்ந்தாற்போல் வெளியே கிளம்ப ஒரு சாக்கு வேண்டும். அது இருந்துவிட்டால் பீரோ இல்லாமல்கூடக் குடித்தனம் நடத்திவிடலாம்.

* * *

எனக்குக் கல்யாணம் ஆனது 1982 தை மாதம். குடியிருந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீட்டில். ஸ்டோர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மளிகைக் கடை என்று நினைப்பார்கள். நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் போர்ஷன்கள், கோடியில் ஒரு குழாய். ஒன்பது குடித்தனம். எங்கள் போர்ஷனில் ஒரு ரூம், ஒரு சமையலறை, ஒரு தாழ்வாரம். அப்பா, அம்மா, தங்கை, தம்பி, நான், புதுசாக வந்த இவள். போதாததற்கு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்து மூன்று மாதம் இருந்த ஒரு சித்தப்பா.

இதில் புருஷன் பெண்டாட்டி தனியாக என்ன பேசிக்கொள்ள முடியும்? நான் "தலைவலிக்கிறது" என்று இவளிடம் மெதுவாகச் சொன்னால், மூன்றாவது போர்ஷனிலிருந்து அமிர்தாஞ்சன் பாட்டில் வரும்.

ஆகவே சாக்கு. அதில் தலையாயது காப்பிப் பொடி. பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி போட்டு, கொஞ்சம் சிக்கரி சேர்த்து, கண் முன்னால் அரைத்துக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கினால் ஒரு வாரம் தாங்கும். 100 கிராம் வாங்கினால் மறுநாள் சாயங்காலம் டப்பா காலி. நாங்கள் எவ்வளவு வாங்கினோம் என்று சொல்லத் தேவையில்லை. "அரைச்சு நாளாச்சுன்னா வாசனை போயிடும்மா" என்று காரணம் வேறு சொல்வேன். அது பொய்யும் இல்லை.

காப்பிக் கடை பெரிய தெருவில், நடந்தால் ஐந்து நிமிஷம். நாங்கள் கடற்கரை வழியாகப் போவோம்! வரைபடத்தில் பார்த்தால் கடல் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். ஒரு மணி நேரம் கழித்து 100 கிராம் பொட்டலத்தோடு திரும்பினால், அம்மா எங்கள் செருப்பில் ஒட்டியிருக்கும் மணலைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஒருநாள் மட்டும், "காப்பியில உப்புக் கரிக்குதுடா" என்றாள்.

மணலில் உட்கார்ந்தால் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். ஒரு பொட்டலம்தான் வாங்குவோம். சிக்கனம் என்று நினைக்காதீர்கள், இரண்டு பொட்டலம் வாங்கினால் ஆளுக்கொன்றாகிவிடுமே! எதிரே கலங்கரை விளக்கம் வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கும். 1977-இல் திறந்தது, அப்போது புதுசு. சென்னை வெயிலில் தரை கொதித்துக் கிடக்க, மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து குளுகுளுவென்று காற்று உள்ளே வரும். ஏர்கண்டிஷன் வாங்க வக்கில்லாத அத்தனை புதுத் தம்பதிகளும் அந்தக் காற்றுக்குக் காத்திருப்பார்கள். எங்கு திரும்பினாலும் பத்தடிக்கு ஒரு ஜோடி. யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் கிடைக்காத தனிமை, ஆயிரம் பேர் நடுவில் கிடைத்தது.

* * *

இரண்டாவது சாக்கு, நிஜச் சாக்கு. ரேஷன் கடை. சர்க்கரை போடும் நாளில் பாமாயில் வராது. பாமாயில் வந்தால் மண்ணெண்ணெய் இருக்காது. ஸ்டோரில் மற்ற எட்டுக் குடித்தனமும் இதற்காக சர்க்காரைத் திட்டும். நான் மட்டும் திட்டினதே கிடையாது. மூன்று சாமான், மூன்று நாள், மூன்று சாக்கு! ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் வரிசையில் இவள். அங்கிருந்து இவள் கண்ணால் ஒன்று கேட்பாள், இங்கிருந்து நான் கண்ணால் ஒன்று சொல்வேன். அரிசி வாங்கினால் சாக்கின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை இவள் பிடிக்க, ஊரைக் கூட்டி நடக்கும் ஊர்வலத்தில்கூட அந்தப் பெருமை கிடையாது.

மூன்றாவது, தண்ணீர். 1983-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, நினைவிருக்கிறதா? கைபம்பில் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கொஞ்சமாவது ஏறும். ராத்திரி இரண்டு மணிக்குப் புது மருமகளை வெளியே அனுப்பும் மாமியார் உலகத்தில் உண்டா? என் அம்மா அனுப்பினாள். "ரெண்டு பேரும் போய் நாலு குடம் பிடிச்சிட்டு வாங்க." நான் அடிக்க அடிக்க இவள் குடம் மாற்றுவாள். ஊரே அடங்கிக் கிடக்கும். பம்பு மட்டும் கிறீச் கிறீச்சென்று கத்தும். நாலு குடம் பிடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆகும். மூன்றாவது போர்ஷன் மாமா, "இவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரமாகுது? வாஷர் போயிருக்கும்" என்று மறுநாளே வாஷரை மாற்றிவிட்டார். பரோபகாரி!

நாலாவது சாக்கை தூர்தர்ஷன் கொடுத்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ஸ்டோரில் டி.வி. இருந்தது ஒரே ஒரு வீட்டில். சரியான நேரத்துக்கு ஒன்பது குடித்தனமும் அந்தக் கூடத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்துவிடும். எங்கள் போர்ஷன் அரை மணி நேரம் காலி! இவளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தலைவலி வர ஆரம்பித்தது. துணைக்கு நான். நாலு வாரம் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாவது வாரம் அம்மா டி.வி. பார்க்கப் போகவில்லை. "பாவம், வாராவாரம் இப்படி வருதே" என்று சுக்கை உரசிக்கொண்டு மருமகள் நெற்றிக்குப் பத்துப் போட உட்கார்ந்துவிட்டாள். அதோடு தலைவலி நின்றது.

சினிமாவும் உண்டு. மவுண்ட் ரோடில் சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர். 1990-களில் மூடிவிட்டார்கள். அதில் புளூ டயமண்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். கதையைப் பின்பாதியிலிருந்து பார்த்துவிட்டு முன்பாதிக்காகக் காத்திருக்க வேண்டும். செத்துப்போன ஆள் திரும்ப உயிரோடு வருவான். யாருக்குக் கவலை? ஏ.ஸி. இருந்தது, இருட்டாக இருந்தது.

போக வர பஸ்தான். பஸ்ஸில் பெண்களுக்கு இடது பக்கம், ஆண்களுக்கு வலது பக்கம். கூட்டத்துக்கு நடுவே தலையைத் தூக்கி, "எனக்கும் சேர்த்து எடுத்துட்டீங்களா?" என்று இவள் விரலால் கேட்பாள். "ஆச்சு" என்று நான் தலையாட்டுவேன். பஸ் முழுக்க, "ஓ, இவர் அந்தம்மா வீட்டுக்காரரா?" என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். புதுசாகத் தாலி கட்டியவனுக்கு அதைவிட என்ன கௌரவம் வேண்டும்? 2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததும் இந்த விரல் பாஷை ஒழிந்தது. வந்தது நல்லதுதான். காலையில் வேலைக்குப் போகிற எத்தனையோ பெண்களுக்கு அது மாச மிச்சம்.

அப்புறம் ஆடி மாதம். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் சேய்க்கும் ஆகாது என்று பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இவள் ஊர் கும்பகோணம் பக்கம். தபால் கார்டு 15 பைசா. கார்டில் என்ன எழுத முடியும்? தபால்காரரிலிருந்து மாமனார் வரை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். "இங்கு காப்பிப் பொடி தீரவே இல்லை" என்று எழுதினேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். மாமனாருக்கு மட்டும் புரியவே இல்லை. தலை ஆடிக்கு அழைத்து ஆடிப்பால் கொடுத்தபோது, "மாப்பிள்ளைக்குக் காப்பி அவ்வளவா பிடிக்காதோ?" என்று கேட்டார்.

* * *

இதையெல்லாம் போன வாரம் கொஞ்சம் ஓவராகவே உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு அது உலா. எனக்கு ஜாமீன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். "நீங்க நெனச்சா சட்டையை மாட்டிக்கிட்டு வாசலைத் தாண்டிடுவீங்க. நான் தாண்டணும்னா பொடி தீரணும், பாமாயில் வரணும், குழாய்ல தண்ணி நிக்கணும். அதுவும் நீங்க கூட வந்தாத்தான். சுண்டல் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கலை. ஆனா நான் அங்க வந்தது சுண்டலுக்கு இல்லை. வாய் விட்டுப் பேசறதுக்கு."

வாஸ்தவம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுத வேண்டும் என்று அவள் முதன்முதலில் சொன்னது அந்த மணலில்தான். வீட்டில் சொல்லியிருந்தால் சித்தப்பா உள்பட ஏழு பேர் அபிப்பிராயம் சொல்லியிருப்பார்கள். கடற்கரையில் நான் ஒருத்தன்தான். "எழுதேன்" என்றேன். பணம் எவ்வளவு கட்டணும், எங்கே டைப்பிங் கற்பது, அம்மாவிடம் யார் எப்போது சொல்வது என்று மூன்று நாள் மூன்று நூறு கிராம் பொட்டலத்தில் திட்டம் தீட்டினோம். பாஸ் பண்ணி, வேலைக்குப் போய், முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டு ரிடையர் ஆனாள். இன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய பென்ஷன் அவளுடையது. எங்கள் குடும்ப பட்ஜெட் எதுவும் வீட்டில் தாக்கல் ஆனதில்லை. சின்னச் சின்ன சந்தோஷம் என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் உள்ளே இப்படி ஒரு பெரிய விஷயம் உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது, பட்டாணிக்குள் மாங்காய் மாதிரி.

* * *

இப்போது நாங்கள் இருப்பது வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்ககம். மேல் மாடியில் ஒரு இளம் ஜோடி. கல்யாணமாகி ஏழு மாதம். இரண்டு பெட்ரூம், பால்கனி, மாமியார் கிடையாது, சித்தப்பா கிடையாது, எங்கே போறே எப்ப வருவே என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. எங்கள் ஸ்டோர் முழுக்க ஒன்பது தம்பதிகள் பகிர்ந்துகொண்ட தனிமையைவிட இவர்களுக்கு அதிகம். என் மனைவிக்கு அதைப் பார்த்தால் ஆனந்தம். "அந்தப் பொண்ணு சாவியை விரல்ல சுத்திக்கிட்டு இறங்கி வர்றா பாருங்க, அது போதும் எனக்கு" என்பாள்.

ஆனால், அவன் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவனுக்குப் பொழுது விடியும். அவளுக்குக் காலை ஒன்பதுக்கு பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ். லிஃப்ட் வாசலில் சந்தித்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அன்றைக்கு ஆளுக்கொரு பெட்ரூமில் ஆளுக்கொரு லேப்டாப். காப்பிப் பொடி தீர்ந்தால் போனைத் தட்டுகிறார்கள், பத்து நிமிஷத்தில் ஒரு பையன் வாசலில் நிற்கிறான். கத்திரிக்காய், தோசை மாவு, முழம் போட்ட மல்லிகைப்பூ வரை வந்துவிடுகிறது. அவர்களுக்குச் சாக்கே இல்லாமல் போய்விட்டது!

ஒருநாள் அந்தப் பெண் கீழே வந்து என் மனைவியிடம் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சண்டையாம்மா?"

"இல்லை ஆன்ட்டி. நாங்க சண்டையே போடறதில்லை. அதான் பயமா இருக்கு. பேசறதுக்கு எதுவும் இல்லாத மாதிரி..."

இவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்து அனுப்பினாள். எனக்குத்தான் அன்றைக்குப் பேப்பர் ஓடவில்லை. ஒன்பது குடித்தனத்துக்கு நடுவில் பேச இடமில்லாமல் தவித்தோம் நாங்கள். இடமிருந்தும் பேச்சில்லாமல் தவிக்கிறார்கள் இவர்கள். இதில் எது பெரிய கஷ்டம் என்று தராசில் போட எனக்குத் தெரியவில்லை.

கைகொடுத்தது மின்வாரியம். பராமரிப்புப் பணிக்காக மின்தடை, காலை 9 முதல் மதியம் 2 வரை என்று பேப்பரில் போடுவார்களே, அது எங்கள் பேட்டைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதரைக்கு ஃபேன் நின்ற புழுக்கம். பத்தரைக்கு வைஃபை பெட்டிக்கு வைத்திருந்த பேட்டரி போயிற்று. பதினொன்றுக்கு லேப்டாப். பதினொன்றே காலுக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். லிஃப்ட் ஓடாததால் இரண்டு பேரும் நடந்து இறங்கி வந்தார்கள்.

"எங்கேப்பா?"

"சும்மா அங்கிள். தெருமுனை டீக்கடை வரைக்கும்."

டீக்கடை ஐந்து நிமிஷம். அவர்கள் திரும்பி வந்தது ஒரு மணிக்கு! அவன் கையில் மஞ்சள் பையில் நாலு கத்திரிக்காய், ஒரு கட்டு முளைக்கீரை. அவள் தலையில் மல்லி. மாடிப்படி ஏறும்போது நடந்த வாக்குவாதம் தெருவுக்கே கேட்டது.

"ஒரு முழம் அந்த விலைன்னா வேண்டாம்னு சொல்லக்கூடாதா?"

"நீதானே ஆசையாப் பார்த்தே!"

"பார்த்தா வாங்கிடறதா? அதுவும் அந்தம்மா கை எவ்வளவு சின்னது, பார்த்தியா? அதுக்குப் பேர் முழமா?"

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. மல்லிகைக்குக் கோடைதான் பருவம். மார்கழி, தை பனியில் விளைச்சல் படுத்துவிடும், முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பூக்காரம்மாவின் கை நீளத்துக்கு இன்னும் யாரும் முத்திரை போடவில்லை. ஆகையால் இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. 1982-இலும் இதே சண்டைதான்.

என் மனைவி சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா! ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே பயமில்லை."

போன வாரம் அந்தப் பையனை வாசலில் பார்த்தேன். கொஞ்சம் தயங்கினான். "அங்கிள், பேப்பர்ல பார்ப்பீங்களே... நம்ம ஏரியாவுக்கு அடுத்த ஷட்டவுன் எப்போ?"

"ஏம்ப்பா, இன்வெர்ட்டர் வாங்கப் போறியா?"

"ஐயோ, இல்லை அங்கிள்!"

மின்வாரியத்தை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது, தம்பி, என்று சொன்னேன். பெரிய தெரு காப்பிக் கடையைப் பற்றியும், 100 கிராம் கணக்கைப் பற்றியும் விளக்கினேன். போனில் வருகிற பொடி அரைத்து எத்தனை நாள் ஆனதோ, நேரில் நின்று அரைத்து வாங்கினால்தான் வாசனை என்றும் சொன்னேன். பிழைக்கத் தெரிந்த பையன். இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பையோடு கிளம்புவதைப் பார்க்கிறேன். எந்த வழியாகப் போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்துவிட்டு நிமிர்ந்தால், உள்ளேயிருந்து குரல் வருகிறது. "ஏங்க, காப்பிப் பொடி தீர்ந்து போச்சு!"

முந்தாநாள்தான் கால் கிலோ வாங்கினோம். எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். முக்கால் டப்பா இருக்கிறது.

மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவள் ஏற்கெனவே செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.